மார்ட்டாலிட்டி, மார்ட்கேஜ், மார்ச்சுவரி: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல ஒன்னு என்னைய ரெண்டு நாளா வேற வேலை பாக்க விடல. அதனால அதுக்கு நீளமாவே பதில் எழுதிட்டேன், மத்த கேள்விகளும் அத ஒட்டி வந்ததா பாத்து எடுத்துருக்கேன், மிச்சத்துக்கு அடுத்த இதழ்ல கண்டிப்பா பதில் வரும்.

கேள்வி: நான் இருபது வருஷமா கிராம சுகாதார நர்ஸா இருக்கேன். மாசாமாசம் மீட்டிங்ல ஐ.எம்.ஆர். (சிசு மரண விகிதம்), எம்.எம்.ஆர். (தாய் மரண விகிதம்)னு தான் பேச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 'எம்' மார்ட்டாலிட்டி. டெத்னு ஒரு நல்ல சின்ன வார்த்தை இருக்கறப்ப எதுக்கு தனியா இது? எங்கிருந்து வந்துச்சு? புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்க மார்பிடிட்டியையும் இதையும் வேற மாத்தி மாத்தி எழுதிடறாங்க. (ஒரு செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: மொதல்ல அந்த மாத்தி எழுதற விஷயத்த முடிச்சிடுவோம் சிஸ்டர். லத்தீன்ல மோர்பஸ்னா நோய், மோர்ஸ்னா சாவு. ஊர்ல நூறு பேரு டெங்குல படுத்தாங்கன்னா அந்த கணக்கு மார்பிடிட்டி, அதுல ஒருத்தர் தவறிட்டாருன்னா அந்த கணக்கு மார்ட்டாலிட்டி. மார்பிடிட்டில வர்ற 'பி' படுக்கைன்னு சொல்லிக் குடுங்க, அப்புறம் மறக்க மாட்டாங்க.

இப்ப உங்க பெரிய கேள்வி. டெத்ங்கறது இங்கிலீஷோட சொந்த வார்த்தை, ஜெர்மன் மொழி குடும்பத்துல இருந்து வந்தது, நடந்து முடிஞ்ச ஒரு சாவ சொல்றது. மார்ட்டாலிட்டி லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா இங்கிலாந்துக்குள்ள வந்தது, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்த புடிச்சதுக்கு அப்புறம் கோர்ட்டு, சர்ச்சு, படிப்புன்னு எல்லாத்துலயும் பிரெஞ்சும் லத்தீனும் தான் ஓடுச்சு, அந்த வெள்ளத்துல வந்த வார்த்தைகள்ல இதுவும் ஒன்னு. ஆனா இதோட மூல அர்த்தம் சாவு இல்லைங்க, 'சாகக்கூடிய தன்மை'. மார்ட்டல்னா சாகப் போற உசுரு. இங்கிலீஷ்காரங்க மனுஷனையே மார்ட்டல்னு சொல்லுவாங்க, அதாவது நல்லா ஓடியாடிட்டு சிரிச்சுட்டு இருக்கற ஆளுக்கும் அதே பேரு தான். டெத் ஒரு நாள் தான் வரும், மார்ட்டாலிட்டி நாம பொறந்த நாள்ல இருந்தே கூட இருக்கு. இதுக்கு தான் ரெண்டு வார்த்தை.

இந்த வார்த்தையோட சொந்தக்காரங்க யாரு யாருன்னு பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும். மோர்ஸ்க்கு அடியில 'மெர்'னு ஒரு பழைய வேர் இருந்துருக்கும்னு மொழி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க, ஐரோப்பாவுலயும் வட இந்தியாவுலயும் பேசற நெறைய மொழிக்கு அது பொது வேர், அர்த்தம் சாகறது. அதுல இருந்து தான் சமஸ்கிருதத்துல மிருத்யு, மரணம், மிருதம். முன்னாடி ஒரு 'அ' போட்டா சாவு இல்லாததுன்னு ஆயிடும், அமிர்தம். கிரேக்கத்துலயும் இதே வேர்ல இருந்து, இதே மாதிரி 'அ' போட்டு, தேவர்கள் சாப்பிடறதுக்கு அம்ப்ரோசியான்னு பேரு. பாரசீகத்துல மர்த்னா ஆம்பளை, ஹிந்தில கேட்டுருப்பீங்க, அதுக்கும் ஆதி அர்த்தம் சாகக்கூடியவன் தான், மீசைய முறுக்கிட்டு சொல்ற வார்த்தைக்குள்ள இது இருக்கு. இங்கிலீஷ் மர்டரும் இதே குடும்பம்.

இன்னொன்னு சொல்லணும், இத நெனைக்கறப்ப எனக்கு உடம்பு சிலிர்க்குது. நம்ம ஊர்ல யாராவது தவறிட்டா நினைவஞ்சலி போஸ்டர்ல பேருக்கு முன்னாடி 'அமரர்'னு போடறோம் இல்லையா, அதுலயும் அதே 'மர', அதே 'அ'. சாவு இல்லாதவர்னு அர்த்தம். உசுரோட இருக்கறவன மார்ட்டல்ங்கறாங்க, செத்தவர அமரர்ங்கறோம், ரெண்டுக்கும் வேர் ஒன்னு.

இங்கிலாந்துக்கு திரும்ப வருவோம். 1348, 1349ல அங்க கொள்ளைநோய் வந்து ஊர் ஊரா காலி பண்ணுச்சு. இன்னைக்கு பிளாக் டெத்னு படிக்கறோமே அந்த பேரெல்லாம் ரொம்ப பிந்தி வந்தது, அந்த காலத்து ஆளுங்க 'பெரிய மார்ட்டாலிட்டி'ன்னு தான் எழுதி வெச்சாங்க. அதாவது தனி மனுஷன் தன்மைய சொன்ன வார்த்தை, கூட்டமா சாகறதயும் சொல்லுச்சு. அப்படி சொன்னா அடுத்த கேள்வி தானா வருமே, எத்தனை பேருன்னு. உங்க மீட்டிங்குக்கு ஆரம்பம் அங்க தான் சிஸ்டர்.

லண்டன்ல 'பில்ஸ் ஆஃப் மார்ட்டாலிட்டி'ன்னு ஒரு தாள் போட்டாங்க, 1603 கடைசில இருந்து விடாம வாராவாரம். இந்த வாரம் எந்தெந்த சர்ச் எல்லைல எத்தனை பேர பொதைச்சாங்க, எதனால செத்தாங்கன்னு அதுல இருக்கும். செவ்வாக்கிழமை ராத்திரி கணக்கு வந்து சேரும், புதன்கிழமை அச்சாகும், வியாழக்கிழமை வெளிய வரும், வருஷ சந்தா 4 ஷில்லிங். வாங்கறவங்க பெரும்பாலும் அடிவரிய பாத்து கூடியிருக்கா கொறஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்கறது, அப்புறம் விசித்திரமா யாராவது செத்துருந்தா அத நாலு பேருகிட்ட பேசறது, அவ்வளவு தான்.

இந்த கணக்க எடுத்தது யாருன்னு கேளுங்க. வயசான பொம்பளைங்க. சர்ச்சு உதவில காலம் தள்ளுன ஏழை விதவைங்க தான் அதிகம். அவங்களுக்கு சர்ச்சர்ஸ்னு பேரு, சாவு விழுந்த வீட்டுக்கு போயி பொணத்த பாத்து எதனால போச்சுன்னு சொல்லணும். டாக்டர் படிப்பெல்லாம் கெடையாது, சத்தியம் பண்ணி வேலைல சேந்தவங்க, ஒரு பொணத்துக்கு ஒரு குரோட், அதாவது நாலு பென்னி கூலி. ஒரு கப் ஏல் பீரும், ஒன்னுக்கு ரெண்டா குரோட்டும் குடுத்தா மேகநோய்ல (பால்வினை நோய்) செத்தவர காசநோய்னு எழுதிருவாங்கன்னு அப்பவே குறை சொல்லிருக்காங்க. நான் அந்த பாட்டிங்கள குறை சொல்ல மாட்டேன். பிளேக் வந்த வீட்டுக்குள்ள நாலு பென்னிக்காக வேற யாரு போயிருப்பா? நீங்க வெயில்ல வீடு வீடா ரெஜிஸ்டர தூக்கிட்டு போறீங்களே, உங்க வேலைக்கு மூத்த தலைமுறை அவங்க தான்.

அந்த தாள் ஒன்ன கிட்ட வெச்சு பாப்போம். 1665 செப்டம்பர் 12ல இருந்து 19 வரைக்கும் உள்ள வாரம், லண்டன் பிளேக்லயே மோசமான வாரம். மொத்தம் பொதைச்சது 8,297 பேரு, அதுல பிளேக் மட்டும் 7,165. அதே பட்டியல்ல ஒரு வரி, ஒரு சர்ச்சோட மணிக்கூண்டுல இருந்து விழுந்து செத்தவர் 1. சர்ச்சு பேரு கூட போட்டுருக்கு. ஏழாயிரம் பேரு போன வாரத்துல அந்த ஒருத்தர விட்டுட மனசு வரல யாருக்கோ.

அந்த பட்டியல்ல 'பல்லு'ன்னு ஒரு தலைப்பு வரும். மொதல்ல பாத்தப்ப எனக்கு புரியல. பல்லு மொளைக்கற வயசுல போன குழந்தைங்க அது. வாராவாரம் வரும். 'கிரிசம்ஸ்'னு இன்னொன்னு, அது பொறந்து ஒரு மாசத்துக்குள்ள போன பச்சப்புள்ளைங்க, ஞானஸ்நானத்தப்ப போத்துற வெள்ளத் துணிக்கு கிரிசம்னு பேரு, அந்த துணியோடயே பொதைப்பாங்க, அதனால துணியோட பேரே அந்த குழந்தைங்களுக்கு ஆயிருச்சு.

ஜான் கிரான்ட்னு ஒரு துணிக்கடைக்காரர், இந்த தாளையெல்லாம் பல வருஷத்துக்கு சேத்து வெச்சு உக்காந்து கூட்டிப் பாத்தாரு. 1662ல புத்தகமா போட்டாரு. அவர் போட்ட ஒரு அட்டவணை ரொம்ப பேர் போனது. நூறு உசுருல ஆறு வயசுக்குள்ள 36 போயிரும், பதினாறு வயசுல மிச்சம் 40 தான், இருபத்தாறுல 25, எழுபத்தாறுல ஒன்னே ஒன்னு. இதுல பாதி அவரோட ஊகக் கணக்கு தான், ஆனாலும் சாவ ஒரு வரிசைல வெச்சு பாக்கலாம்னு காட்டுனாரு. ராயல் சொசைட்டிங்கற விஞ்ஞானிகள் சங்கத்துல ராஜாவே சொல்லி அவர சேத்தாங்க. 1666 தீ விபத்துல வீடு போயி, கடைசில வறுமைல தான் செத்தாரு, 1674ல. நீங்க நிரப்பற ஐ.எம்.ஆர். கட்டம் அந்த மனுஷன் போட்ட பாதைல வந்தது.

இன்னைக்கு கணக்கு உங்களுக்கு தெரியாததில்ல, உசுரோட பொறந்த 1,000 குழந்தைல ஒரு வயசுக்குள்ள போறது எத்தனைன்னு. இந்தியாவுல 1971ல 129. 2020ல 28. தமிழ்நாட்டுல அதே 2020ல 13. இந்த எறக்கத்துல தடுப்பூசி இருக்கு, ஆஸ்பத்திரி பிரசவம் இருக்கு, நல்ல தண்ணி இருக்கு, கூடவே உங்கள மாதிரி ஆளுங்க தேஞ்ச செருப்பும் இருக்குன்னு நான் மனசார நம்பறேன்.

கேள்வி: வீட்டு லோன் பத்திரத்துல மார்ட்கேஜ்னு இருந்துச்சு. இதுலயும் 'மார்ட்' இருக்கே, சாவுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: நேரடி சம்பந்தம் தான். பழைய பிரெஞ்சுல மோர் கேஜ்னா செத்த அடமானம். எதுக்கு செத்ததுன்னு சொல்றதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு. எட்வர்ட் கோக்னு ஒரு பெரிய சட்ட நிபுணர் 1628ல எழுதுனது, கடன கட்டலைன்னா நிலம் கடன் வாங்குனவனுக்கு செத்துப்போச்சு, கட்டிட்டா அடமானம் கடன் குடுத்தவனுக்கு செத்துப்போச்சு, எப்படியும் ஒரு பக்கம் சாவு. கேக்க நல்லா இருக்கு. ஆனா அதுக்கு நானூறு வருஷத்துக்கு முன்னாடியே, 12ஆம் நூற்றாண்டுல கிளான்வில் பேருல வந்த சட்டப் புத்தகத்துல வேற மாதிரி இருக்கு. நிலத்துல வர்ற வெள்ளாமை அசல்ல கழிஞ்சா அது உசுருள்ள அடமானம், கழியாம கடன் குடுத்தவனே சாப்பிட்டுட்டு இருந்தா அது செத்த அடமானம். எனக்கு இது தான் மனசுக்கு ஒத்து வருது, ஏன்னா நம்ம ஊரு ஒத்தி அப்படியே இது தானே. வெள்ளாமைய பூரா ஒத்திக்காரர் எடுத்துக்குவாரு, அசல் அப்படியே நிக்கும், பத்து வருஷம் கழிச்சு போனாலும் மொத்த பணத்தையும் வெச்சா தான் நிலத்த மீக்க முடியும். அதே மாதிரி நகை அடகுல திருப்ப முடியாம போனா நாம செத்துப்போச்சுன்னு சொல்றதில்ல, 'முழுகிப்போச்சு'ம்போம். எங்கம்மாவோட ரெட்டவட சங்கிலி முழுகுன அன்னைக்கு வீட்டுல அடுப்பு எரியல, அந்த வார்த்தையோட கனம் எனக்கு நல்லா தெரியும்.

கேள்வி: மார்ச்சுவரிக்கு அந்த பேரு எப்படி வந்துச்சு? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: ஜி.எச்.ல பின்பக்கம் ஒரு தனி கட்டடம், வெளிய மரத்தடில சொந்தக்காரங்க உக்காந்து பி.எம். முடிஞ்சு பாடிய எப்ப குடுப்பாங்கன்னு கேட்டுட்டு இருப்பாங்க, நமக்கு தெரிஞ்ச மார்ச்சுவரி அது. ஆனா பொணம் வைக்கற எடங்கற அர்த்தம் 19ஆம் நூற்றாண்டுல தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பல நூறு வருஷம் மார்ச்சுவரின்னா ஒரு கட்டணம். வீட்டுல யாராவது செத்தா செத்தவரோட சொத்துல நல்லதா ஒன்ன, ஒரு மாடோ நல்ல துணியோ, ஊரு பாதிரியாருக்கு குடுத்தாகணும்.

இதுல ஒரு வழக்கு இருக்கும்மா, அத சொல்லாம விட முடியாது. ரிச்சர்ட் ஹன்னு லண்டன்ல ஒரு துணி வியாபாரி. 1511ல அவரோட குழந்தை, பொறந்து அஞ்சே வாரம், செத்துப்போச்சு. பாதிரியார் மார்ச்சுவரியா கேட்டது என்ன தெரியுமா, அந்த குழந்தைய சுத்தியிருந்த துணி. ஹன் குடுக்க மாட்டேன்னுட்டாரு. செத்த குழந்தைக்கு சொத்துன்னு ஏது, அந்த துணி எப்படி அதோடதாகும்ங்கறது அவரோட வாதம். அஞ்சு வாரக் குழந்தைய மண்ணுல வெச்சுட்டு வந்த தகப்பன்கிட்ட அந்த துணிய கேக்கறாங்க, அவர் எடத்துல நம்மள வெச்சு பாத்தா புரியும். சர்ச் கோர்ட்டுல கேஸ் போட்டாங்க, அவரு எதிர் கேஸ் போட்டாரு, இழுத்துட்டே போயி 1514ல மத விரோதின்னு சொல்லி சிறைல போட்டாங்க, அந்த டிசம்பர்ல அறைக்குள்ள தூக்குல தொங்குனாரு. சந்தேகச் சாவ விசாரிக்கற அதிகாரியான கொரோனரும் ஜூரியும் போயி பாத்துட்டு இது தற்கொலை இல்ல கொலைன்னு சொன்னாங்க. உசுரு போனதுக்கு அப்புறமும் சர்ச்சு விடல, செத்த ஒடம்பையே மத விரோதின்னு தீர்ப்பு சொல்லி எரிச்சாங்க. லண்டன் கொந்தளிச்சுப் போச்சு. 1529ல பார்லிமென்ட் சட்டம் போட்டு இந்த கட்டணத்துக்கு ஒரு அளவு வெச்சுது, ரொம்ப இல்லாதவங்களுக்கு கெடையாது, அதுலயே குழந்தை செத்தா மார்ச்சுவரி கேக்கக் கூடாதுன்னும் இருந்துச்சு. பதினெட்டு வருஷம் லேட்டு.

கேள்வி: ஆக்சிடென்ட் கேஸ்லாம் கொண்டு போற எடத்துக்கு ஏன் காஷுவாலிட்டின்னு பேரு? (ஆட்டோ ஓட்டுநர், திருச்சி)

பதில்: லத்தீன்ல காசுஸ்னா விழறது, எதேச்சையா நடக்கறது. காஷுவாலிட்டின்னா எதிர்பாராம நேர்ந்தது. மேல சொன்னேனே லண்டன் தாளு, அதோட பட்டியலுக்கு தலைப்பே 'இந்த வாரத்து நோய்களும் காஷுவாலிட்டிகளும்'னு தான் இருக்கும், மணிக்கூண்டுல இருந்து விழுந்தவர் காஷுவாலிட்டி. அப்புறம் போர்ல அடிபட்டவங்களுக்கும் செத்தவங்களுக்கும் சொன்னாங்க, ஆஸ்பத்திரில அவசரமா வர்றவங்கள பாக்கற வார்டுக்கும் அதே பேரு வந்துச்சு. நேரங்காலம் பாக்காம ஆள ஏத்திட்டு போறீங்கன்னு எழுதிருந்தீங்க, நல்லா இருங்க அண்ணே.

கேள்வி: மார்ட்டாலிட்டிக்கு சரியான தமிழ் என்ன? மொழிபெயர்ப்பு வேலைல தடுமாறுறேன். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எத மொழிபெயர்க்கறீங்கங்கறத பொறுத்து இருக்கு. கணக்குன்னா இறப்பு விகிதம், குழந்தைன்னா சிசு மரண விகிதம், அரசு அறிக்கைல இது தான், மாத்தாதீங்க. ஆனா மனுஷன் சாகக்கூடியவன்ங்கற அந்த தன்மைய சொல்லணும்னா இறப்பு பத்தாது. குறள்ல 34ஆவது அதிகாரம் நிலையாமை. நேத்து இருந்தவன் இன்னைக்கு இல்லைங்கற பெருமை உடையது இந்த உலகம்னு அதுல தான் வருது, அத பெருமைன்னு சொன்னாரு பாருங்க, அந்த எடத்துல நான் இன்னும் நின்னுட்டு தான் இருக்கேன். நிலையாமை செல்வத்துக்கும் உண்டு, இளமைக்கும் உண்டு, அதனால நாலடியார்ல தனித்தனியா அதிகாரம் பிரிச்சு செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமைன்னு வெச்சுருக்காங்க. அந்த மூணாவது தான் நீங்க தேடற வார்த்தை. யாத்தல்னா கட்டறது, யாக்கைன்னா கட்டி வெச்சது, ஒடம்பு. கட்டுனது ஒரு நாள் அவுந்துரும். கட்டுரை, கவிதைன்னா தயங்காம போடுங்க, ஆஸ்பத்திரி அறிக்கைல வேண்டாம்.

இதெல்லாம் படிச்சவங்க வார்த்தை. வீட்டுப் பொம்பளைங்க இத வேற மாதிரி சொன்னாங்க. எங்க அப்பத்தா எந்த குழந்தையையும் செத்துப்போச்சுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல, 'தங்கல'ம்பாங்க. வந்துச்சு, தங்கல, அவ்வளவு தான். அடுத்தது தங்கணுமேன்னு குப்பைத்தொட்டி ஓரம் படுக்க வெச்சு தவிட்டுக்கு வாங்குன மாதிரி வாங்கி, பிச்சைன்னும் குப்பாயின்னும் பேரு வெச்சாங்க, எமனுக்கு ஆசை வரக்கூடாதுன்னு. என் சித்தப்பா ஒருத்தரு பிச்சை, அவருக்கு முன்னாடி ரெண்டு தங்கல.

1991ல ஜனத்தொகை கணக்கெடுக்க எங்க வீட்டுக்கு ஒரு வாத்தியார் வந்தாரு, திண்ணைல உக்காந்து அப்பத்தாகிட்ட எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாரு. எங்க அப்பா உள்ள இருந்து அஞ்சுன்னாரு. அப்பத்தா, ஒம்போதுன்னாங்க. அப்பா, ஏம்மா அதெல்லாம் எதுக்கு இப்பன்னு சலிச்சுக்கிட்டாரு. வாத்தியாரு நிமுந்து, இல்லைங்க, ரெண்டுக்கும் இதுல எடம் இருக்கு, பொறந்தது எத்தனை, இருக்கறது எத்தனைன்னு தனித்தனியா கேட்டுருக்குன்னு சொல்லிட்டு எழுதுனாரு. அப்பத்தாவுக்கு படிக்கத் தெரியாது. எழுதுனது எந்த எடம்னு கேட்டாங்க, அவரு காட்டுனாரு, வெரல அது மேல வெச்சு, இதுல என்ன போட்டுருக்கு படிங்கன்னாங்க, அவரு ஒம்போதுன்னு படிச்சாரு, அதுக்கப்புறம் தான் எந்திரிச்சு அவருக்கு மோர் எடுத்துட்டு வர உள்ள போனாங்க.